விழுந்த நேரங்கள்

செப்டம்பர் 18, புதன்

எங்கள் இணையதளம் விழும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர் சுலோசனா. சர்வரின் பதிவேட்டில் 'கொல்லப்பட்டது' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. ஏன் என்று இல்லை. அதனால் இந்த நோட்டு. ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது.

இன்று காலை 10.50. பதினாறு நிமிடம்.

நேரம் மட்டும் போதும் என்றார். எனக்கு எதையும் முன்பின் சொல்லி எழுதித்தான் பழக்கம். நாளை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் விளங்க வேண்டும். இது கோவையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறுநீரக மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளை மருத்துவர்கள் மேசையிலும் நோயாளிகள் கைப்பேசியிலும் பார்ப்பதற்கான தளத்தைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதினேன். ஒரே ஆள், ஏழு மாதம். மின்சாரம் போனபோது நின்றிருக்கிறது. எலி கேபிளைக் கடித்தபோது நின்றிருக்கிறது. தானாக விழுந்ததில்லை. இந்த மாதம் இது நான்காவது தடவை.

மூன்றாம் எண் ஜன்னலில் கூட்டம். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "ஏனுங்க மேடம், ரத்தம் எடுக்கறப்ப மட்டும் எல்லா மெசினும் நல்லா ஓடுச்சுங்களே?" வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன். என் பிரிவுக்குப் புதிதாக வந்த புரோகிராமர் ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்தது செப்டம்பர் 2. தளம் முதன்முதலாக விழுந்தது செப்டம்பர் 4.

செப்டம்பர் 19, வியாழன்

விழவில்லை. ஜெசிந்தா விடுப்பு.

செப்டம்பர் 20, வெள்ளி

மாலை 4.10. பத்தொன்பது நிமிடம்.

நான்கு மணிக்கு எங்கள் பிரிவு உதவியாளர் மயிலாத்தா கேன்டீனிலிருந்து ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டுவந்து என் மேசையில் வைப்பாள். இரண்டு டம்ளர். ஒன்று எனக்கு, ஒன்று டாக்டர் சுலோசனாவுக்கு. அவர் இந்த மருத்துவமனையின் இயக்குநர். நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் இங்கே சேர்ந்தோம். பதினைந்து வருடமாக அவர் என்னை நீ என்கிறார், நான் அவரை நீங்கள் என்கிறேன். ஊரில் இருந்தால் நான்கு மணிக்கு என் அறைக்கு வருவார். பதினைந்து நிமிடம். பெரும்பாலும் எதுவும் பேசமாட்டோம்.

இன்று வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜெசிந்தாவின் மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. டாக்டர் அவளை 'ஜெஸி' என்கிறார். வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

காலையிலிருந்து அவள் என்னதான் செய்திருக்கிறாள் என்று பார்க்க என் பட்டியலைத் திறந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்று காட்டும் பக்கம் அது. எனக்காக நான் எழுதிக்கொண்டது. மெனுவில் இருக்காது, முகவரியைக் கையால் அடிக்க வேண்டும். முன்பெல்லாம் தணிக்கை சமயத்தில் வருடத்துக்கு ஓரிரு முறை பார்ப்பேன். புதிதாக ஒருவர் வந்திருக்கும்போது அவர் எதைத் தொடுகிறார் என்று பொறுப்பில் இருப்பவர் தெரிந்துகொள்வது முறைதானே.

பட்டியல் வரவில்லை. தளமே விழுந்து கிடந்தது. புதன்கிழமையும் இப்படித்தான், நான் பார்க்கப் போனபோது ஏற்கெனவே விழுந்திருந்தது. யாரும் போன் செய்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டு வருடம் கூடவே இருந்ததால் இருக்கலாம்.

இரண்டு டம்ளர் காபியையும் நானே குடித்தேன். இப்போது நெஞ்சு எரிகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

விழவில்லை. ஆனால் என் பட்டியல் வர நாற்பது விநாடி எடுத்தது. தளத்துக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு இன்னோர் அடையாளம்.

கூட்டம். அறங்காவலர் வந்திருந்தார். "ஆயுத பூஜை வரைக்கும் பாப்போமுங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா, பெங்களூர்க்காரங்க ரெடியா ஒண்ணு விக்கறாங்க, அதை வாங்கிப் போட்டர்லாம்" என்றார். வாங்கிப் போட்டால் என் தளம் குப்பைக்கு. நான் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யும் அறைக்கு. அதை அவர் சொல்லவில்லை. அங்கே ஒரு மேஜை காலியாக இருக்கிறது என்று மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அப்போது ஜெசிந்தா எழுந்தாள். முப்பத்துநான்கு வயது, தூத்துக்குடி, ஆறு வருடம் பெங்களூரில் இருந்தவள். "சார், கலாமணி அக்கா எழுதுன கோடு ரொம்பச் சுத்தமா இருக்கு. பெரிய பெரிய கம்பெனியிலகூட நான் இப்பிடிப் பாத்ததில்ல. இத வெளியில தள்ளணும்னு அவசியமில்ல. கொஞ்சம் டைம் குடுங்க, நான் கண்டுபிடிக்கேன்."

டாக்டர் சுலோசனா அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

என் தளத்துக்கு அவள் நற்சான்று தருகிறாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலை 11.15. பதினேழு நிமிடம்.

சர்வர் அறைக் கதவில் எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் தொங்கின. மயிலாத்தா ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"திருஷ்டிக்குங்க அம்மிணி. பன்னெண்டு வருசமா நல்லா ஓடிட்டிருந்தது திடீர்னு இப்பிடி விழுகுதுன்னா என்னங்க அர்த்தம்? யாரோ கண்ணு வெக்கறாங்க."

"அது இரும்புப் பொட்டி மயிலாத்தா. அதைப் பாத்து யாருக்கு வவுறு எரியும்?"

"அதையென்னங்க கண்டோம்."

ஜெசிந்தா வந்து ஒரு ஊக்கை நீட்டினாள். "நூலு அந்துரும் மயிலம்மா, இத குத்துங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "தொங்கிட்டுப் போகட்டும்க்கா. வேலையே பாக்காம சம்பளம் வாங்குத ஆளு எத்தன பேரு இருக்கான். இதாவது நின்னு காவல் காக்கு."

அந்த வழியாக வந்த டாக்டர் சுலோசனா வாய்விட்டுச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நான் எம்.சி.ஏ. படித்தவள். கதவுக்கு வெளியே தொங்கும் பழம் உள்ளே இருக்கும் இயந்திரத்தை என்ன செய்துவிடும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்று விழவில்லை. நேற்று மாலை 4.20, பதினைந்து நிமிடம்.

காலையில் தோசை சுடும்போது அவரிடம் சொன்னேன். என் கணவர் கதிர்வேல் கணபதியில் பம்ப்செட் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கேட்டுவிட்டு, "மோட்டாரு டிரிப் ஆயிட்டே இருக்குதுன்னா நான் மொதல்ல மோட்டாரைத் தொறக்க மாட்டேன். அது நின்னப்ப பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு கேப்பேன்" என்றார்.

அலுவலகத்தில் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். இந்த நோட்டைத் தொடங்கியதிலிருந்து நான்கு முறை விழுந்திருக்கிறது. நான்கு முறையும் ஜெசிந்தா உள்ளே இருந்திருக்கிறாள். அவள் விடுப்பில் இருந்த அன்று விழவில்லை.

நானும்தான் இருந்தேன். ஆனால் நான் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

விழவில்லை.

ஜெசிந்தா தன் கண்காணிப்புக் கருவி வரைந்த படத்தைக் காட்டினாள். தளம் எடுத்துக்கொள்ளும் நினைவகத்தின் அளவு அது. நாள் முழுக்கத் தரையோடு போகிறது. விழுவதற்கு முன் இருபது விநாடியில் சுவர்போல் எழும்புகிறது. அளவு மீறியதும் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தளத்தைக் கொன்றுவிடுகிறது.

"கொஞ்சங் கொஞ்சமா ஏறல பாத்தீங்களா அக்கா? யாரோ ஒரே மூச்சுல மொத்தத்தையும் அள்ளிக் கேக்காங்க."

அந்தக் கருவியே அவள் வந்த பிறகு புகுத்தியதுதான் என்று சொன்னேன். அதை எடுத்துவிடும்படி எழுத்துமூலம் கேட்டேன். "சரிக்கா" என்று என் எதிரிலேயே எடுத்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 30, திங்கள்

காலை 11.05, பதினாறு நிமிடம். மாலை 4.15, இருபத்திரண்டு நிமிடம். ஒரே நாளில் இரண்டு முறை இதுவரை விழுந்ததில்லை.

கருவியை உண்மையிலேயே எடுத்துவிட்டாளா, வேறு எதையாவது வைக்கிறாளா என்று அறியப் பட்டியலைப் பலமுறை திறந்து பார்க்க வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மெதுவாகவேனும் வந்தது. கூட்டமான நேரத்தில் வரவில்லை, தளம் விழுந்திருந்ததால்.

கருவி இல்லாமலும் விழுகிறது. ஆகவே அவள் வேறு ஏதோ செய்கிறாள்.

மாலையில் வந்து, சர்வருக்கு முன்னால் ஒரு பதிவேடு வைக்கப்போவதாகச் சொன்னாள். "அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வச்சிருப்பான்லா, ஒரு நோட்டு, அது மாதிரிக்கா. யாரு உள்ள போனாலும் பேரெழுதிட்டுத்தான் போணும்." ஆட்சேபம் இல்லை என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

விழவில்லை.

அட்டவணையை எடுத்துக்கொண்டு டாக்டர் சுலோசனாவின் அறைக்குப் போனேன். ஆறு முறை, ஆறு முறையும் ஜெசிந்தா. சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"கலா, இந்த ஒரு மாசமா நீ எங்கிட்டப் பேசினதெல்லாம் ஜெஸியப் பத்தித்தான். கவனிச்சியா?"

"நீங்க என்கிட்டப் பேசினதே குறைவு டாக்டர்."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஏதோ சொல்ல வந்தார். டயாலிசிஸ் பிரிவிலிருந்து போன் வந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

காலை 11.20. இருபது நிமிடம்.

தாராபுரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். இரண்டு முறை டயாலிசிஸுக்கு வராமல் விட்டுவிட்டாளாம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் முடிவு தயார், தளத்தில் ஏற்றியாயிற்று, தளம் இல்லை. கீழே, முடிவைப் பார்க்க முடியாமல் டாக்டர் சுலோசனா திரையைத் தட்டிக்கொண்டிருந்தாராம். கடைசியில் பரிசோதனைக்கூடத்துப் பையன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஓடினான். 7.1. ஐந்தரையைத் தாண்டினாலே ஆபத்து.

அவள் பிழைத்துக்கொண்டாள். நான் கீழே போனபோது அவளுடைய அம்மா கதவோரம் நின்றிருந்தார். மகளுடைய செருப்பு இரண்டும் அவர் கையில் இருந்தன. "கம்ப்யூட்டர் வந்துருச்சுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

விழுந்த நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அப்போதுதான் பட்டியலைப் பார்க்கப் போயிருந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

விழவில்லை.

ஜெசிந்தா என் அறைக்கு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, ஒங்க டைரியில நேரமெல்லாம் எழுதியிருக்கீங்கள்லா. ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா?"

நோட்டைக் கொடுக்கவில்லை. நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துக்கொண்டே, "மெனுவில இல்லாத பழைய பக்கம் ஏதாவது இருக்காக்கா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

அது தளத்தின் பகுதி அல்ல; என் சொந்தக் கருவி. அந்தப் பொருளில் பதில் சரியானதே.

அவள் தாளை நான்காக மடித்தாள். பிறகு "சரிக்கா" என்று போய்விட்டாள்.

அக்டோபர் 5, சனி

விழவில்லை. என் பட்டியல் ஒரே விநாடியில் வந்தது. இன்றைய வரிகள் மட்டும் இருந்தன. நவராத்திரி என்பதால் கூட்டம் குறைவு போலிருக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

விழவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

விழவில்லை. ஜெசிந்தா காலையில் வணக்கம் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏதோ செய்திருக்கிறாள்.

அக்டோபர் 10, வியாழன்

ஆறு நாளாக விழவில்லை. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை.

மற்ற அலுவலகங்களில் இன்று இயந்திரங்களை நிறுத்திவைப்பார்கள். எங்களால் முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கே சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் மட்டும் அறைக்கு வெளியே காட்டுவோம். பன்னிரண்டு வருடமாக அந்தச் சந்தனத்தை வைத்தது நான். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. காற்று போகும் துளைகளை அடைக்காமல் எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

அறங்காவலர் கேட்டார்: "ஒரு வாரமா விழுகவே இல்லையாமா? என்னம்மா பண்ணின?"

"மெமரி செட்டிங்கக் கொஞ்சம் மாத்துனேன் சார்" என்றாள் ஜெசிந்தா. "அக்கா நேரமெல்லாம் எழுதிக் குடுத்தாங்க, அத வச்சுத்தான்."

"அப்ப பெங்களூர்க்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிர்லாமுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டர் சுலோசனா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"ஜெஸி, இந்த வருஷம் நீ வை."

"அய்யோ, அக்கா வைக்கட்டும் டாக்டர்."

"சும்மா வைம்மா."

மோதிர விரலால் மூன்று பொட்டு வைத்தாள். ஒரு துளையையும் அடைக்காமல், சரியான இடத்தில். பிறகு பழக்கதோஷத்தில் தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மயிலாத்தா உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பொரி வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. புறநோயாளிப் பிரிவுக்கு விடுமுறை. நான் போனேன்.

அவள் மாற்றியதாகச் சொன்ன மெமரி செட்டிங் எதுவென்று பார்க்கத்தான் போனேன். எதுவும் மாறவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் நான் வைத்த எண்கள் அப்படியே இருந்தன. அவள் பொய் சொல்லியிருக்கிறாள். நான் மகிழ்ந்தேன். எழுதத்தான் வேண்டும், மிகவும் மகிழ்ந்தேன்.

அப்படியானால் எதை மாற்றினாள்? இந்த மாதம் திருத்தப்பட்ட கோப்புகளைத் தேடினேன். ஒன்றே ஒன்று. அக்டோபர் 4, மாலை 5.40. என் பட்டியல் பக்கம்.

உள்ளே இரண்டு வரி நான் எழுதாதவை. ஒன்று கட்டளை. மற்றது அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'நாற்பத்தொரு லட்சம் வரிகளும் மொத்தமாக வருகின்றன. இன்றைய நாள் மட்டும் போதும்.'

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்தை எழுதியபோது மொத்தமே சில நூறு வரிகள் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து, பிறகு வேண்டிய பெயரைப் பொறுக்கும்படி எழுதினேன். அவசரத்தில் எழுதியது. எனக்கு மட்டும்தானே என்று அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் தன் வருகையைப் பதிவேட்டில் எழுதாதபடியும் நானே செய்திருந்தேன். பார்ப்பதும் ஒரு வேலையாகப் பதிவாக வேண்டாம் என்று. வருடத்துக்கு இரண்டு முறை, கூட்டமில்லாத நேரத்தில் திறந்தபோது ஒன்றும் ஆகவில்லை. கூட்ட நேரத்தில் திறந்தால் தளத்தால் தாங்க முடியாது.

நான் பார்க்கப் போனபோது அது விழுந்து கிடக்கவில்லை. நான் பார்த்ததால் விழுந்தது.

இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. அவள் விடுப்பில் இருந்த அன்று ஏன் விழவில்லை என்பதும். அவள் இல்லாத நாளில் எனக்குப் பார்க்க எதுவும் இருக்கவில்லை.

பிறகு அவளுடைய வாட்ச்மேன் நோட்டைத் திறந்தேன். அக்டோபர் 1 முதல் 4 வரை, நான்கு நாளில் நான் அந்தப் பக்கத்துக்கு முப்பத்தோரு முறை போயிருக்கிறேன். பெரும்பாலும் கூட்டமில்லாத நேரத்தில். என் கம்ப்யூட்டரின் எண், நேரம், தேடிய பெயர். முப்பத்தோரு வரியிலும் ஒரே பெயர். ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தா. அக்டோபர் 3, 11.19க்கும் அதே பெயர்.

அவள் இதைப் படித்திருக்கிறாள். படித்த பிறகுதான் என் அறைக்கு வந்து, உட்காராமல், பழைய பக்கம் ஏதாவது இருக்காக்கா என்று கேட்டிருக்கிறாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். தலையணை உறைகளை மாற்றினேன். குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன்.

"மோட்டாருக்குப் பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று அவர் கேட்டார்.

"ஆச்சு."

"யாரு?"

"தோசை ஆறுது, சாப்பிடுங்க."

நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் எல்லாம் நன்றாகவே முடிந்திருக்கிறது. தளம் பிழைத்தது. என் இடம் பிழைத்தது. அவள் சொல்லமாட்டாள், சொல்வதாயிருந்தால் வெள்ளிக்கிழமையே, அறங்காவலர் கேட்டபோதே சொல்லியிருப்பாள். முப்பத்தோரு வரிகளைப் பார்த்த பிறகும் 'அக்கா நேரமெல்லாம் எழுதிக் குடுத்தாங்க' என்று சபையில் என் பெயரைச் சேர்த்துச் சொன்னாள்.

திறமையில் என்னைவிட மேல் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அது வயதைப் பொறுத்தது, படித்த காலத்தைப் பொறுத்தது. இது வேறு. இனி ஒவ்வொரு நாளும் அவள் எனக்கு வணக்கம் சொல்வாள். ஒவ்வொரு வணக்கத்திலும் அவள் சொல்லாமல் விட்டது இருக்கும். அந்த உயரத்தில் அவளை நிற்கவிட என்னால் முடியாது.

தாராபுரத்துப் பெண்ணை நினைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன் என்று எழுத ஆசை. அவளை நினைக்காமல் இல்லை. அந்த அம்மாவின் கையிலிருந்த செருப்பு கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் என்னை எழுப்பி உட்காரவைத்தது அது அல்ல.

அக்டோபர் 14, திங்கள்

நான்கு மணிக்கு ஃப்ளாஸ்க்கையும் இரண்டு டம்ளரையும் நானே எடுத்துக்கொண்டு டாக்டர் சுலோசனாவின் அறைக்குப் போனேன். உட்காருவதற்கு முன்பே சொல்லத் தொடங்கினேன். தயங்கினால் சொல்லமாட்டேன் என்று தெரியும். பட்டியல், நாற்பத்தொரு லட்சம், கூட்ட நேரம், நான்கு நாளில் முப்பத்தோரு தடவை தேடியது, ஏழு முறையும் நான், அதற்கு முன் விழுந்ததும் நான்தான், தாராபுரத்துப் பெண் வந்த அன்றும் நான். ஜெசிந்தா பத்து நாளுக்கு முன்பே கண்டுபிடித்துத் திருத்திவிட்டாள், எனக்காகப் பொய் சொன்னாள்.

அவர் குறுக்கிடவில்லை. நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டார்.

"யார் பேரைப் போட்டுத் தேடின?"

"ஜெசிந்தா பேரை."

"முப்பத்தோரு தடவையுமா?"

"ஆமா."

"எதுக்கு கலா? அவ என்ன எடுத்துட்டுப் போயிடுவான்னு பாத்த?"

நான் மேசைமேல் இருந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

காபியை ஊற்றி, ஒரு வாய் குடித்து, கீழே வைத்தார். "பொட்டாசியம் ஏழு. அன்னிக்கு அந்தப் பையன் ஓடலைன்னா..."

"தெரியும்."

"ஒண்ணாந்தேதியிலேருந்து சர்வர் பொறுப்பு ஜெஸிகிட்ட இருக்கட்டும். அறங்காவலர்கிட்ட நானே சொல்றேன். எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்றேன்."

"தளம்?"

"தளத்துல என்ன தப்பு? அது இருக்கும். நீயும் இருப்ப." டம்ளரை மீண்டும் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாம் நீ" என்றார்.

நான் கேட்டிருக்கமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

ஐந்து மணிக்கு ஜெசிந்தா என் அறைக்கு வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா போய்ச் சொன்னீங்க? நான் யார்ட்டயும் சொல்லியிருக்கவே மாட்டேன்லா."

"அதுக்குத்தான்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் பேச்சை மாற்றினாள்.

"அந்தப் பக்கத்துல நான் டீ குடிக்க எத்தன தடவ போனேன்னும் வருமாக்கா?"

"வராது."

"அப்பாடா. அது ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என் வேல போயிருக்கும்."

சிரித்துவிட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

விழவில்லை.

மயிலாத்தா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பழம் வாடிப்போச்சுங்க அம்மிணி. இப்பத்தான் விழுகறதில்லையே, எடுத்துப் போட்டர்லாங்களா?"

"வேண்டாம். புதுசா ஒண்ணு கட்டு."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

மதியம் பட்டியல் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. தணிக்கைக்கு வேண்டும். அதன் முகவரியை மெனுவில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். பிறகு, தன் வருகையைப் பதியாதே என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதிய வரியை நீக்கினேன். இனி அந்தப் பக்கத்தைப் பார்ப்பவரின் பெயரும், அவர் யாரைத் தேடினார் என்பதும் அதிலேயே பதிவாகும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான்கு மணிக்குக் காபி வந்தது. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் சுலோசனாவின் சிரிப்பு கேட்டது.

புதிய மாற்றம் சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சோதித்தேன். ஒரு விநாடியில் வந்தது. முதல் வரி:

கலாமணி. மாலை 4.06. தேடிய பெயர்: ஜெசிந்தா.

தளம் விழவில்லை.